எதிர்ப்பக்க நிறுத்தம்

அறிமுக முகாமின் முதல் நாள்.
வண்ணாரப்பேட்டையில் எங்கள் கல்லூரி,
பாதி ஃபேன் ஓடாத கலையரங்கம்.
சிவப்பு நூல்கண்டை எறிவார்களாம்.
பிடித்தவர் பெயரும் இடமும் சொல்லி
நூலை விரலில் சுற்றிக்கொண்டு
கண்டை அடுத்தவருக்கு எறிய வேண்டுமாம்.
வட்டமாக உட்காரவைத்தார் ஹேமலதா மேடம்.

தமீம், மண்ணடி.
ரீகன், காசிமேடு.
யாரோ விளையாட்டாக மூக்கைப் பொத்த,
"ஞாயித்துக்கெழம வருவல்ல, வஞ்சிரம் கேட்டு?
அப்போ பாத்துக்கறேன்" என்றான்.
அரங்கமே சிரித்தது.
எனக்கு அந்த வாய் கிடையாது.

கண்டு என் மடியில் விழுந்தது.
"சுகிர்தா."
அதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில்
ஒரு மூச்சு.
அந்த ஒரு மூச்சுக்குள்
முகவரியைப் படித்ததும் டியூஷன் சார்
"ஃபீஸ் முன்னாடியே கட்டிடும்மா" என்றதும்,
அப்பாவின் வண்டி லோன் மனு திரும்பி வந்ததும்,
"அந்தப் பக்கம் வராதும்மா" என்று
ஆட்டோ ஒன்று அரைவட்டம் அடித்துப் போனதும்
வந்து போக இடம் இருந்தது.

"பெரம்பூர்" என்றேன்.

யாரையும் பார்க்காமல் எறிந்த கண்டு
நீலச் சுடிதார் ஒருத்தியின் கையில் நின்றது.
"பியூலா. பெரம்பூர்."
"அட, ஒரே ஏரியா! கைதட்டுங்க."
தட்டினார்கள்.
எங்களுக்கு நடுவே நூல்
ஈரத்துணி போட்ட கொடிபோலத் தொங்கிற்று.

சாயங்காலம் ஒரே பஸ். வேறு வழி?
மகளிருக்குக் கட்டணம் இல்லை.
பொய்க்கும் சேர்த்து இலவசமாய்க்
கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.
சீனியர்கள் பற்றி, கேன்டீன் சமோசா பற்றி,
எல்லாம் பேசினோம்.
எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசின் பாலம் ஏறி இறங்கிற்று.
வியாசர்பாடி.
என் நிறுத்தம், என் தண்ணீர்த் தொட்டி,
கேரம் கிளப் வாசலில்
விரலெல்லாம் போரிக் பவுடரோடு என் தம்பி.
ஜன்னலில் என்னைக் கண்டு கையாட்டினான்.
நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.
பியூலாவும் குனிந்துதான் இருந்தாள்.
பைக்குள் எதையோ தேடினாள்.
பஸ் கிளம்பும்வரை அது கிடைக்கவே இல்லை.

பெரம்பூரில் இறங்கினோம்.
"நாளைக்குப் பாக்கலாம்."
"நாளைக்கு."
அவள் மார்க்கெட் பக்கம், நான் ஸ்டேஷன் பக்கம்.
வளையல் கடையில் விலை கேட்டேன்.
அத்தோ வண்டியில் எண்ணெய் சீறுவதைப் பார்த்தேன்.
தெரியாத தெருவில் தெரிந்தவள்போல் நடந்ததை
ஒரு நாய் மட்டும் நம்பாமல்
முனைவரை குரைத்தபடியே வந்தது.

பத்து நிமிஷம் போதும் என்று தோன்றியதும்
சாலையைக் கடந்து
எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு வந்தேன்.

நீலச் சுடிதார்.

ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது.
நாங்கள் ஏறவில்லை.

"எங்கடி?"
"சாஸ்திரி நகர். நீ?"
"பி.வி. காலனி."
"உங்களுக்கு ஊத்திட்டு மிச்சந்தான்டி
எங்களுக்குத் தண்ணி லாரி வருது."
"யாரு சொன்னா? உங்களுக்குத்தான் ஃபஸ்ட்டு."
அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.
முதலில் சிரித்தது யார் என்பதும்
அதே சண்டையில்தான் சேர்த்தி.

மேடத்திடம் திருத்திச் சொல்லவில்லை.
அவர் பட்டியலில் நாங்கள் இன்னும் பெரம்பூர்தான்.
முகாமில் கற்றது என்ன என்ற தாளில்
"குழு உணர்வு" என்று எழுதினேன்.
அவள் பார்த்து எழுதினாள், எழுத்துப்பிழையோடு.

ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலமே
"வியாசர்பாடி ரெண்டு!" என்று
ஒரே நேரத்தில் கத்தியதில்
முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.
கிளப் வாசலில் தம்பி.
நான் கையாட்டினேன். பியூலாவும் ஆட்டினாள்.
யாரென்றே தெரியாத ஒருத்தி ஆட்டிய வெட்கத்தில்
கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

கறுப்பு பேன்ட்டு. அஞ்சு விரலும் பதிந்திருந்தது.