பெறப்பட்டது

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
கோணலாய் விழுந்த நகல்களை நான் கிழிப்பதில்லை,
பின்பக்கம் வெள்ளையாய்த்தானே இருக்கிறது.
அப்படி ஒரு வாரிசுச் சான்றின் முதுகில்தான்
பாண்டிச்சேரி போகும் திட்டத்தை எழுதினோம்,
போன வியாழன், கரண்ட் போன மத்தியானத்தில்.

ஜெபக்கனி ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து
கையுறைப் பவுடர் மணத்தோடு வந்தாள்.
சபூராவுக்கு அடுத்த கடை, டைப்பிங்.
மூன்று பேருக்கும் சேர்த்து நூற்றிருபத்தெட்டு வயது.
மூன்று பேரும் சேர்ந்து இதுவரை போன தூரம்
பாளையங்கோட்டை மார்க்கெட்.

எங்களுக்கும் கடல் இல்லாமல் இல்லை.
திருச்செந்தூர்க் கடலுக்கு
என் இரண்டு பிள்ளைகளின் தலைமுடி தெரியும்.
உவரிக் கடல் ஜெபக்கனி மாமியாரின் நேர்ச்சை;
சோறு பொங்கி இறக்குமுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்,
அலைப் பக்கம் முதுகுதான் காட்டியிருக்கிறாள்.
சபூராவுக்கோ, காயல்பட்டினத்தில்
நாத்தனார் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது
இரண்டு சேலைக்கு நடுவே தெரிகிற நீலத் துண்டு.
"ஏட்டி, ஒரு கடலையாவது சும்மா பார்க்கணும்"
என்றாள்.
அதையே முதல் வரியாக எழுதினேன்.

நெல்லை எக்ஸ்பிரஸ். விடியுமுன் விழுப்புரம். பிறகு பஸ்.
ஒரே ரூம், மூன்று கட்டில்,
பாத்ரூம் உள்ளேயே (அடிக்கோடு).
சாயங்காலம் கடற்கரை ரோட்டில் வண்டி விடமாட்டானாம்,
நடு ரோட்டில் நடக்கலாம்.
"நடு ரோட்டில்", இன்னொரு தடவை எழுதச் சொன்னாள் ஜெபக்கனி.
ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ்கிரீம்.
"எங்க போயிட்டு வாரிய" என்று கேட்க
அங்கே ஒரு குருவிக்கும் நம்மைத் தெரியாது.
தலைக்கு மூவாயிரத்து இருநூறு, கைக்காவலுக்கு ஐந்நூறு.
வீட்டில் என்ன சொல்ல?
அதற்கு நேரே கோடு மட்டும் போட்டோம்.

கோட்டை நிரப்பிப் பார்த்தேன் அன்று ராத்திரி,
அவர் தோசைக்குப் பொடியில் குழி பறித்து
எண்ணெய்க்குக் காத்திருந்தபோது.
"பாண்டிச்சேரி போறோம், ரெண்டு நாள்."
"எதுக்கு?"
"சும்மா."
"சும்மான்னா?"
அடுத்த தோசையைத் திருப்பப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மனு நாள்.
கடைக்குள் கால் வைக்க இடமில்லை.
ஸ்டேப்ளர் அடித்து அடித்துக் கட்டைவிரல் வீங்கி,
மூன்றரை மணிக்குத் தேடினால்
எங்கள் தாளைக் காணோம்.

மறுநாள் வந்தான் மானூர்க்காரன் ஒருத்தன்,
தெருவிளக்கு கேட்டு மனு கொடுத்தவன்.
"யக்கா, இது என் மனுவோட சேந்து போயிட்டு.
செக்சன்ல திருப்பித் தந்தாவ."
மூலையில் இரண்டு துளை.
கடலுக்கு மேலேயே விழுந்திருந்தது
ஊதா முத்திரை:
பெறப்பட்டது. தேதி. ஒரு எண்.
வீட்டில் என்ன சொல்ல என்கிற இடத்தை மட்டும்
யாரோ பச்சைப் பேனாவால் வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார்கள்.
அவன் படி இறங்கிவிட்டுத் திரும்பினான்:
"ஸ்லீப்பராக்கா? அப்ப போர்வை எடுத்துக்கோங்க."

சபூரா சிரித்துச் சிரித்து
டைப்பிங் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.
"சர்க்காரே வாங்கி வச்சுட்டு,
இனி எப்படிட்டி ரத்து பண்ண?"
ஜெபக்கனி நின்ற நிலையில் போனில் டிக்கெட் போட்டாள்.
காத்திருப்போர் பட்டியல்:
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து மூன்று நகல் எடுத்தேன்,
மூன்றும் நேராக விழுந்தன.
வீட்டில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு
முத்திரையை முதலில் படித்தார்.
"நம்பரெல்லாம் போட்டிருக்கான்" என்றார்,
வேறொன்றும் கேட்கவில்லை.

இன்று காலைப் பார்த்தேன்:
பதினொன்று, பன்னிரண்டு,
பதிமூன்று.