பென்சிலால் எழுதிய எண்

லிஸ்பனுக்கு எதிர்க்கரை, பரெய்ரோ படகுத்துறை.
இருபத்தாறு வருஷம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன்.
ஊரில் எல்லோரையும் எனக்கு மார்பளவு தெரியும்.
யார் நொண்டி நடப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்போதெல்லாம் பாஸ் என்றால் ஓர் அட்டை,
அட்டையில் ஒரு முகம், ஓர் எண்,
கூடவே பிளாஸ்டிக் உறைக்குள்
மாதத்துக்கொரு நிறத்தில் காகித வில்லை.
அட்டையின் எண்ணை வில்லையின் மேல்
மையால் எழுத வேண்டும். சட்டம்.

டொமிங்காஸ் பென்சிலால் எழுதுவாள்.

கேப் வெர்டேக்காரி. நாலே முக்கால் படகில் போய்
வங்கியொன்றின் ஏழு மாடி துடைத்து
ஒன்பதரைக்குக் கரையிறங்குவாள்,
அவளுக்கு முன்னால் பிளீச் வாசனை இறங்கும்.
பத்து மணிப் படகுக்குத் தங்கை ஸுல்மீரா நிற்பாள்.
அட்டைகள் இரண்டு. வில்லை ஒன்று.
என் ஜன்னலுக்கு நேர் எதிர் பெஞ்சில்
அக்காள் ரப்பரால் தேய்ப்பாள்,
தங்கை ஊதிவிட்டுத் தன் எண்ணை எழுதுவாள்.
இருபதாம் தேதிக்கு மேல் காகிதம் வெங்காயத்தோல்.
பிப்ரவரியில் மட்டும் கொஞ்சம் உயிரோடு தப்பும்.

நான் பார்க்கவில்லை.
எஸ்குடோவை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணி முடிந்ததை மறுபடி எண்ணினேன்.

பரிசோதகர் அவுரேலியோ
சட்டைப்பையில் சொந்தமாக ஒரு ரப்பர் வைத்திருப்பார்.
ஒரு மார்ச் மாதம், மழை,
வரிசையிலிருந்து டொமிங்காஸை இழுத்து நிறுத்தினார்.
ஒரே தேய்ப்பு. எண்ணின் பாதி போயிற்று.
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
அபராதம் அவளுக்கு எத்தனை மாடி என்று
என்னையறியாமல் கணக்குப் போட்டேன்.

"என் பேனா காய்ந்துவிட்டது,
நான்தான் பென்சில் கொடுத்தேன்" என்றேன்,
காசு நுழையும் துளைக்குள் வாயை வைத்து.

அவுரேலியோ என்னை வெகுநேரம் பார்த்தார்.
மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து
புதுப்பேனா ஒன்று வந்தது,
சங்கிலியோடு.

டொமிங்காஸ் நன்றி சொல்லவில்லை.
ஏப்ரல் வில்லை வாங்க வந்தபோது
சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு சில்லு வந்தது.
தொட்டால் பீப் என்று கதவு திறந்தது.
அழியாத அச்சில் முகத்தைப் போட்டார்கள்,
கதவு எந்த முகத்தையும் பார்ப்பதில்லை.
ஓர் அட்டையை ஒன்பது அக்காதங்கைகள்
முறைவைத்து எடுத்துப்போகலாம்.
ஸுல்மீரா அதற்கு இரண்டு வருஷம் முன்பே
ரோட்டர்டாம் போய்விட்டாள்.

என் ஜன்னலுக்குத் திரைபோட்டார்கள்.
எனக்கு ஓர் ஆரஞ்சு மேலங்கி தந்து
இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
முதல்முறையாக என் கால்களை ஊர் பார்த்தது.

பத்தொன்பதாம் ஆண்டு ஏப்ரலில்
வட்டம் வட்டமாக வெட்டியிருந்த கட்டணத்தைக் கலைத்தார்கள்.
நாற்பது யூரோ, பெருநகரம் முழுக்க.
விளம்பரத்தை எழுத்துக்கூட்டி இரண்டுதரம் படித்தாள் டொமிங்காஸ்.
தலை நரைத்திருந்தது, பிளீச் வாசனை அப்படியே.

"இதில் கடல் உண்டா?"
"உண்டு."
"எந்தக் கடல்?"
"செஸிம்ப்ரா, எரிசெய்ரா, இஷ்டம்போல."
"ஞாயிற்றுக்கிழமையுமா?"
"ஞாயிற்றுக்கிழமையும்."
திரும்பத் திரும்பத் திரையைத் தடவினாள்,
எண் எழுதும் இடம் எங்கேயோ
ஒளிந்திருக்கிறது என்பதுபோல.

திங்கட்கிழமை வந்து குறை சொன்னாள்:
பஸ் ஊரெல்லாம் சுற்றுகிறது,
தண்ணீர் சில்லென்று கடிக்கிறது,
வறுத்த மத்தி மீன் கொள்ளைவிலை.
அடுத்த ஞாயிறு எரிசெய்ராவாம்.

தங்கைக்குப் போன் போட்டு
நாற்பது யூரோவைச் சொன்னாளாம்.
அவள் கொஞ்சநேரம் பேசவேயில்லையாம்,
பிறகு சொன்னாளாம்:
எதற்கும் அந்த ரப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதே.