பதினொன்றாம் நாள்

முப்பிடாதி,
தளவாய் காண்ட்ராக்டர் தந்த செக்கை
நீ மசாலா டப்பாவில் வைத்திருந்தாய்.
வக்கீல் மேசைக்கு அது
மல்லிப்பொடி வாசத்தோடு போனது.

நாங்குநேரி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடி.
அருள்செல்வி வக்கீலம்மா
முதலில் தேதியைப் பார்த்தாள். அப்புறம்தான் தொகையை.
ஏழாயிரத்து எண்ணூறு கல், கல் நாற்பது ரூபாய்.
"செக்குக்கு மூணு மாசந்தான் ஆயுசு.
இன்னைக்கு எண்பத்தாறாவது நாள்.
பேங்க் அடைக்கதுக்குள்ள போங்க."
நீ ஆட்டோவுக்குக் கை காட்டினாய்.
நான் ஓடினேன்.

மறுநாளே திரும்பி வந்தது, கூட ஒரு சீட்டு:
கணக்கில் போதிய பணம் இல்லை.
நமக்குத் தெரிந்ததுதான்.
ஆனால் நமக்குத் தெரிந்தது செல்லாதாம்,
சீட்டு சொன்னால்தான் செல்லுமாம்.
சீட்டு வந்த முப்பது நாளைக்குள் நோட்டீஸ்.
அவன் கையில் சேர்ந்தபின் அவனுக்குப் பதினைந்து நாள்.
தராவிட்டால் நமக்கு ஒரு மாதம், கோர்ட்டுக்குப் போக.
புது ஆளுக்கு நாம் கலவை சொல்வதுபோல் சொன்னாள்,
ஒரு சட்டி கூடாமல், ஒரு சட்டி குறையாமல்.

"அதோட சிவில் கேசும் போட்டுருவோம்" என்றேன் சவடாலாக.
கூட்டைப் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

களக்காடு ரோட்டில் போர்டு இருக்கிறது,
மஞ்சளில் பச்சை எழுத்து, ஜெமு ஹாலோ பிளாக்.
ஜெபக்கனியில் பாதி, முப்பிடாதியில் பாதி.
பேங்க் கணக்குக்காக டைப்பிஸ்ட் அடித்துத் தந்த
இருபது ரூபாய்ப் பத்திரமும் இருக்கிறது,
'லாப நட்டம் சமம்' என்று.
வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

"பதியாத கூட்டு வெளியாள்மேல வழக்குப் போட முடியாது.
அவரு உங்கமேல போடலாம்."
"இது என்னளா ஒருபக்கக் கதவு!" என்றாய் என்னிடம்.
"இப்பவும் பதிஞ்சிட்டுப் போடலாம்.
மூணு வருசக் கெடு,
சரக்கு எறக்குன நாள்லேருந்து ஓடிக்கிட்டிருக்கு.
செக்கு கேசு அது பாட்டுக்குத் தனி."

மறுவாரம் பாளையங்கோட்டை பஸ்.
மடியில் அவள் எழுதித் தந்த புதுப் பத்திரத்தின் நகல்.
ஆறு வருஷமாய் நாம் கேட்காததை
அந்தத் தாள் கேட்டது.
யார் எவ்வளவு போட்டது?
(என் செயின், நாலு பவுன். உன் இருபது சென்ட்.)
செக்கில் யார் கையெழுத்து?
ஒருத்தி விலகினால் மிஷின் யாருக்கு?
ஒருத்தி செத்துப்போனால்?
நீ சிரித்தாய்.
அப்புறம் சிரிக்கவில்லை.

"எல்லாம் சமம்னே இருக்கட்டும்" என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி
"எடத்துக்கு வாடகைன்னு ஒரு வரி எழுதணும்ளா" என்றாய்.

மூன்றடைப்பு வருமட்டும் நான் வாய் திறக்கவில்லை.
காற்றாடிகள் சுற்றின, சில நின்றன.
இத்தனை நாள் இது உன் மனசில் கிடந்திருக்கிறது.
நமக்குள்ள எதுக்குப் பத்திரம் என்று
முதல்முதலாய்ச் சொன்னது நான்தான்.

"எவ்வளவு?"
"மாசம் ரெண்டாயிரம்."
"ஆறு வருசத்துக்குமா?"
"சீ. இனிமேப்பட்டு."

கண்டக்டரிடம் பேனா வாங்கி
ஓரத்தில் எழுதினேன். பஸ் குலுங்கி
இரண்டு மூன்றுபோல் விழுந்தது.
அடித்துத் திருத்தி, பக்கத்தில்
இருவரும் சுருக்கொப்பம் போட்டோம்.
திருத்தினால் அப்படிப் போடணும் என்று
அருள்செல்வி சொல்லியிருந்தாள்.

நோட்டீஸ் சேர்ந்த அட்டை வந்துவிட்டது,
தளவாயின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தோடு.
இன்று பதினொன்றாம் நாள்.
நேற்று அடுக்கிய கல்லுக்கு
நான் ஹோஸ் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
உன் போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறாய்.

"அண்ணன் தங்கச்சியாப் பழகிட்டு
நமக்குள்ள எதுக்கும்மா நோட்டீசு?"

என்னைப் பார்க்கிறாய்.
நான் தண்ணீரைப் பார்க்கிறேன்.

"இன்னும் நாலு நாள் இருக்குண்ணே" என்கிறாய்.