வலது சீட்

நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு இம்பாலா.
மழையென்று பெருமாள்மலையோடு திரும்பிய கூரியர்
மூன்றாம் நாள் வந்தது.

இரண்டரைத் தீப்பெட்டி நீளம். கதவு திறக்காது.
நிறம் தப்பு: எங்கள் வண்டி பாசிப்பச்சை.
எங்கள் என்ன எங்கள்,
பேரித்தோட்ட முதலாளியுடையது; அப்பா டிரைவர்.

அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம்.
முன்னால் லாரி போனால்
அப்பாவுக்கு எதிரில் வருவது தெரியாது.
வலது சீட்டில் முட்டிபோட்டு, தலையை வெளியே நீட்டி
நான் சொல்ல வேண்டும்:
இரு. பஸ் வருது. இப்பப் போ.
ஏழு வயசு.

டம்டம் பாறை தாண்டி ஒருநாள்
வெறும் ரோட்டைப் பார்த்து
பஸ் வருதுப்பா என்றேன், நாலைந்து தடவை.
வீடு வந்தால் இறங்கணுமே.
மண்ணெண்ணெய் லாரியின் புகையைக் குடித்தபடி
அப்பா பின்னாலேயே ஊர்ந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.
ஸ்டியரிங் சரியான பக்கம்தான், சட்டைப் பொத்தான் அளவு.
வலது கண்ணாடி
ஏற்றியே இருக்கிறது.