இருபத்தாறு விழுக்காடு

அமாவாசைக்கு மூன்று நாள்.
கேப் டவுன் வங்கி வரிசையில் நின்றபடி
கைப்பேசியில் மேகம் பார்க்கிறேன்.
ஒரு செயலி பன்னிரண்டு என்கிறது,
இன்னொன்று நாற்பது.
ரிடுவான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கிறான்:
"இருபத்தாறு. தொலைநோக்கியை வண்டியில் ஏற்று."

கரூ வறள்வெளியில் அறை தந்தவள் ஹெஸ்டர்.
நூற்றுப்பத்து ஆடு, ஒரு காற்றாலை,
அதனடியில் வெடித்த தொட்டி.
சாப்பாட்டு மேசையில் அவள் கைப்பேசியிலும்
அதே சாம்பல் திட்டு,
மேற்கிலிருந்து ஊர்ந்து வருகிறது.
"இருபத்தாறுதானா?"
எங்களுக்கு இனித்த எண்ணை
மாத்திரைபோல் விழுங்கினாள்.
நான் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்,
வேறென்ன செய்ய.

வானம் பார்த்த பூமி.
நாங்களும் வானம் பார்க்கத்தான் வந்திருந்தோம்.

ஒன்பது மணிக்கு வந்தது மேகம்,
நூற்றுக்கு நூறு.
விருச்சிகத்தின் தலை போயிற்று, பிறகு கொடுக்கு.
ரிடுவான் கண்ணாடிக்கு மூடி போட்டான்.
ஹெஸ்டர் முற்றத்தில் வாளிகளைப் பரப்பினாள்,
ஏழு வாளி.

நாலு மணி வரை ஒரு சொட்டு இல்லை.
வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு
மூவரும் அவற்றின்மேல் உட்கார்ந்து
காப்பி குடித்தோம்.
பழக்கதோஷம், ரிடுவான் திரையைத் தேய்த்தான்.
'தற்போது: தெளிவான வானம்.'

"ஆடுகளிடம் காட்டு அதை"
என்றாள் ஹெஸ்டர்.