இருபத்தாறாம் பாகை

முதல் நண்டு தூர்குனுடைய அப்பாவின் வலையில்தான் ஏறியது.
காட் மீனுக்குப் போட்ட வலை.
மீன் இல்லை. வலையிலும் பாதி இல்லை.
நடுவே, கதவளவுக்குக் கால் விரித்து,
முள்முள்ளாய்,
இரும்புத்துரு நிறத்தில் எதுவோ.

ஐலர்ட் அதை வைய ஒரு வார்த்தை தேடினார்.
ஃபின்மார்க்கின் அந்தக் குடாவில்
அதற்கு இன்னும் பெயரே வைத்திருக்கவில்லை.
பெயரில்லாததை எப்படித் திட்டுவது?
படகுக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.
ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே வந்து பார்த்தது.
பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.
காற்றுக்காகவா, மரியாதைக்காகவா, தெரியாது.

செய்தி பிற்பாடுதான் வந்தது:
கம்சாட்காவில் பிடித்து
ஒரு கண்டத்தின் அகலம் முழுக்க
தொட்டித் தண்ணீரில் குலுக்கிக் கொண்டுவந்து
பக்கத்து நாட்டுக்காரர்கள்
தங்கள் சனங்களுக்குச் சாப்பாடாகட்டும் என்று
தங்கள் கடலில் விட்டார்களாம்.
கடலில் ஏது தங்கள்?

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது.
இதற்கு வளையே கிடையாது.
நடந்தது.
சிப்பி, புழு, விண்மீன்,
பாறையடியில் பெயர் தெரியாமல் வாழ்ந்தவை எல்லாம்
பந்தி முடிந்து துடைத்த இடம் மாதிரி.

பிறகு ஒருநாள் டோக்கியோவிலிருந்து வந்த ஒருவர்
விலை கேட்டார்.
அவ்வளவுதான்.
சாபத்தைத் தராசில் வைத்தார்கள்.
பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை,
ஐலர்டுக்குப் புது இஞ்சின், புதுப் பல்வரிசை.
செத்தாலும் தின்னமாட்டேன் என்றிருந்தவர்
அந்தப் பல்லாலேயே அதைக் கடித்தார்.
"நல்லாத்தான் இருக்கு," என்றார், கோபமாக.

அரசாங்கம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டது.
கிழக்கே அது செல்வம்:
அளவறிந்து பிடி, சிறியதை நோகாமல் இறக்கிவிடு.
மேற்கே அது படையெடுப்பு:
கண்டதையெல்லாம் பிடி,
ஒன்றையும் உயிரோடு திரும்ப விடாதே.

நவம்பர். பகல் பதினொன்றுக்கே கருக்கல்.
தூர்குன் கூண்டை இழுக்கிறாள்.
ஒரே ஒரு பெட்டை, உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது.
வயிற்று மடலுக்குள் கத்தரிப்பூ நிறத்தில்
ஆயிரமாயிரம் முட்டை.
திரையில் எண் இருபத்தாறு என்கிறது.
படகு ஆடுகிறது.
இருபத்தைந்து புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது.
மறுபடி இருபத்தாறு.

அவள் இஞ்சினைப் போடவில்லை.
கரைக்குப் போன் செய்து கேட்கலாம். கேட்கவில்லை.
ஒற்றைக் கையால் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினாள்.
இன்னொரு கையுறைக்குள்
அது ஒவ்வொரு காலாய் மடக்கி நீட்டியது,
கணக்குச் சரிபார்ப்பதுபோல.
நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.
காபியில் ஏடு படிந்தது.

கொட்டகைச் சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது.
அன்று மாலை வந்து
மழைக்கோட்டை அதில்தான் மாட்டினாள்.
இரவெல்லாம் சொட்டியது,
உப்புத் தண்ணீர்.