நூறு ரூபாய்க்கான கட்டம்

ஜூலை மாதம்
உரக்கடை மாடியில், பூச்சிமருந்து வாசத்துக்கு நடுவே
பாபநாசம் வட்டாரத்தின் பாதி வருமானம்
என் விரல்வழியாகத்தான் போகிறது.
ஆடிட்டர் தஞ்சாவூரில்.
கையெழுத்து அவருடையது, கணக்கு என்னுடையது.

இன்று வந்தவள் ஜாஸ்மின் பானு,
ராஜகிரி, வங்கியில் கிளார்க்.
அவள் அத்தா கபூர் பாய் அஞ்சலகத்தில் இருந்தபோது
நான் இந்த வேலைக்குப் புதுசு.
காகிதப் படிவம், கார்பன் தாள்.
பிள்ளைகள் கல்விப் படி: மாதம் நூறு.
"ஒரே பொண்ணும்மா, யூகேஜி படிக்குது."
பெயரையும் எழுதவா என்று கேட்டேன், அசடு.
அப்படி ஒரு கட்டம் அதில் கிடையாது.
அந்த நூறு அன்றைக்கு
ஒரு மாதப் பள்ளிக்கூட ரிக்‌ஷா,
மிச்சத்தில் சனிக்கிழமைக்கு முட்டை பிஸ்கட்.

அந்த யூகேஜிக்கு இப்போது ஒரு மகன்.
வேனுக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு.
படிவம் திரைக்குள் போய்விட்டது.
நூறு மட்டும்
நூறாகவே உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் பாசன லஸ்கர்.
குடமுருட்டிக் கரையில் அவர் பொறுப்பில் ஒரு வாய்க்கால் தலைப்பு.
போன வருடம் தண்ணீர் வந்தது.
பலகையை முழுசாகத் தூக்கினார். மதகு குடிக்கவில்லை.
மதகு ரிப்பேரா என்று மேலேயிருந்து போன்.
"மதகு நல்லாத்தான் இருக்குங்க சார்.
மணல் அள்ளி அள்ளி
ஆறு அதைவிட்டுக் கீழே போயிடுச்சு."
ராத்திரி சோற்றுக்கு முன்னால் அதைச் சொன்னார்.
நான் சிரித்தேன்.
எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

மாடிப்படி பெருக்கும் செங்கமலம்
வரி கட்டுகிறவள் இல்லை.
அவளுக்கு வருகிறது, மாதம் ஆயிரம்,
தவறாமல், குறுஞ்செய்தியோடு.
அவள் கணக்கு தேங்காய் எண்ணெயில்:
வீட்டில் மூன்று பெண்கள், ஆறு சடை.
"வர ஆரம்பிச்சப்ப அஞ்சு லிட்டருக்கா.
இப்ப ரெண்டரைகூட இல்ல.
காசு குறையலியே,
எங்க ஒழுகுது?"
நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்,
ஆறிப்போன பிறகும்.

கணினி ஜாஸ்மினுக்குப் புதிய முறையைத்
தானாகவே எடுத்து வைத்தது.
இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்வானேன்,
புதியதில்தான் வரி குறைவு, நல்ல குறைவு.
ஆனால் கல்விப் படி என்ற வரியே அதில் இல்லை.
"அந்த நூறு?" என்றாள்.
"வருஷம் பூரா சேர்த்தாலும்
உனக்கு மிஞ்சுறது இருநூத்தம்பது. விடும்மா."
விட்டாள். ஓடிபி சொன்னாள்.
பச்சை டிக் விழுந்தது.
கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே
கதவருகில் நின்றாள்:
"அப்ப எனக்கு ஒரு புள்ள இருக்குன்னு
எங்கயும் போட வேணாமா?"

அவள் படியிறங்கிய பிறகு
என் நோட்டில், அவள் பெயருக்குப் பக்கத்தில்
எழுதி வைத்தேன்:
மகன் ஒன்று. எல்கேஜி. வேன் 1800.

பென்சிலால்தான்.
அடுத்த ஜூலையில் அழிக்க வேண்டியிருக்கும்,
கடைசி எண்ணை மட்டும்.